இணையத்தின் நன்மையும் தீமையும்: கடக்வாஸ்லா அணை காட்டும் பாடம்

முன்னுரை

இணையம் இன்று நகரத்தாருக்கு மட்டும் உரிய சாதனமன்று. உழவர் விலை அறியவும், மாணவர் பாடம் கேட்கவும், தொழிலாளி ஊருக்குப் பணம் அனுப்பவும், தாய் தொலைவிலுள்ள மகனின் முகம் காணவும் அதனையே நாடுகின்றனர். ஆயினும், "இதனால் நன்மையா, தீமையா?" என்ற வினா வகுப்பறையிலும் ஊர்க் கூட்டத்திலும் எழுந்துகொண்டே இருக்கிறது. பொதுவாகக் கேட்டால் இவ்வினாவிற்குப் பொதுவான விடைதான் கிடைக்கும். ஒரு குறிப்பிட்ட இடத்தையும், அங்கு வாழும் மக்களின் ஒரு குறிப்பிட்ட தேவையையும் எடுத்துக்கொண்டு ஆராய்ந்தால் விடை தெளிவுபடும்.

மகாராஷ்டிர மாநிலத்தில் பூனா நகருக்குத் தென்மேற்கே உள்ள கடக்வாஸ்லா அத்தகைய ஆய்வுக்கு ஏற்ற இடமாகும். இங்கு முட்டா ஆற்றின் குறுக்கே அணை ஒன்று உள்ளது. அணையின் அருகிலேயே மத்திய நீர், மின்விசை ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. 1916 இல் பம்பாய் மாகாண அரசால் தோற்றுவிக்கப்பட்டு, 1936 இல் மத்திய அரசின் பொறுப்பிற்கு வந்த இந்நிலையம், ஆறுகள், அணைகள், துறைமுகங்கள் ஆகியவற்றின் சிறிய மாதிரிகளை அமைத்து நீரின் போக்கை ஆராய்ந்து வருகிறது. அணையின் கீழ்ப்புறம் பல இலட்சம் மக்கள் வாழும் பெருநகரம் பரந்து கிடக்கிறது. அணையில் நீர் உயரும்போது, அச்செய்தி நீருக்கு முன்னே நகரத்தை அடைய வேண்டும். செய்தி எவ்வாறு செல்கிறது, எங்கே தாமதிக்கிறது, எங்கே திரிகிறது என்பதை இங்கு நன்கு காணலாம்.

இணையம் இயங்கும் முறை

உலகிலுள்ள கணிப்பொறிகள் ஒன்றோடொன்று ஒரே விதிமுறைப்படி பேசிக்கொள்ளும் பெரும் பிணைப்பே இணையம். 1969 இல் அமெரிக்காவில் அர்ப்பாநெட் என்ற பெயரால் சில கணிப்பொறிகள் இணைக்கப்பட்டன. 1983 ஜனவரி 1 முதல் அப்பிணைப்பில் பொது விதிமுறை ஒன்று நடைமுறைக்கு வந்தது. 1989 இல் டிம் பெர்னர்ஸ்-லீ என்பார் சுவிட்சர்லாந்திலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் உலகளாவிய வலைக்கான திட்டத்தை வகுத்தார். இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனத்தால் தொடங்கப்பட்டது.

இணையத்தில் அனுப்பப்படும் செய்தி முழுமையாக ஒரே வழியில் செல்வதில்லை. அது சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பொதியின் மீதும் சேருமிடத்தின் முகவரி குறிக்கப்படும். ஒரு வழி அடைபட்டால் பொதி வேறு வழியே செல்லும். சேருமிடத்தில் பொதிகள் மீண்டும் வரிசைப்படி கோக்கப்படும். கண்டங்களுக்கிடையே செல்லும் செய்திகளுள் பெரும்பாலானவை கடலடியில் இடப்பட்ட கண்ணாடி இழை வடங்களின் வழியாகவே செல்கின்றன. 2008 ஜனவரி இறுதியில் எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியாவுக்கு அருகே கடலடி வடங்கள் அறுபட்டபோது இந்தியாவிலும் இணையம் தடுமாறியது.

இங்கு ஓர் உண்மையை நினைவிற் கொள்ளவேண்டும். இணையம் பொதியின் முகவரியைத்தான் பார்க்கிறது. உள்ளே இருக்கும் செய்தி மெய்யா, பொய்யா என்பதைப் பார்ப்பதில்லை. அஞ்சற்காரர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதில்லை அல்லவா? அதுபோன்றதே இதுவும். இணையத்தின் நன்மை தீமைகளுள் பெரும்பகுதி இவ்வொரு பண்பிலிருந்தே தோன்றுகிறது.

நான்கு அணைகளும் ஒரு நகரமும்

கடக்வாஸ்லாவுக்கு மேற்புறத்தில் மூன்று அணைகள் உள்ளன. அம்பி ஆற்றின் மீது பான்ஷேத் அணையும், மோசே ஆற்றின் மீது வரஸ்காவ் அணையும், முட்டா ஆற்றின் மீது டேம்கர் அணையும் நிற்கின்றன. இவற்றின் நீர் கடக்வாஸ்லாவுக்கு வந்து சேரும். பயன்படும் கொள்ளளவு வரஸ்காவில் ஏறத்தாழ 12.82 டி.எம்.சி.; பான்ஷேத்தில் 10.65, டேம்கரில் 3.71, கடக்வாஸ்லாவில் 1.97 மட்டுமே. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி.

இக்கணக்கில் ஒரு செய்தி அடங்கியுள்ளது. நகரத்திற்கு மிக அருகிலுள்ள அணையே நான்கனுள் மிகச் சிறியது. நொடிக்கு 35,000 கன அடி வீதம் நீர் வந்தால், முற்றிலும் வெறுமையான கடக்வாஸ்லா ஏரிகூட 16 மணி நேரத்திற்குள் நிரம்பிவிடும். மழைக்காலத்தில் ஏரி வெறுமையாக இருப்பதில்லை. ஆகவே மேலணைகளிலிருந்தும் நீர்ப்பிடிப்புப் பகுதியிலிருந்தும் பெருநீர் வரும்போது, கடக்வாஸ்லா அதனை நெடுநேரம் தேக்கி வைக்க இயலாது. வந்த நீரை விரைவில் விடவேண்டியதாகும். கீழ்ப்புறத்தில் உள்ளோர்க்குக் கிடைக்கும் அவகாசம் சில மணி நேரமே.

1961 ஜூலை 12

அப்போது கட்டி முடியும் தறுவாயில் இருந்த பான்ஷேத் மண் அணை 1961 ஜூலை 12 காலையில் உடைந்தது. நீர் வெளியேறும் குழாய்ப்பாதையின் வளைவுப் பகுதியில் இரும்புக் கம்பி இடப்படவில்லை. அப்பாதை பழுதுபட்டு, அதன் மேலிருந்த மண் தாழ்ந்தது. இராணுவ வீரர்கள் மணல் மூட்டைகளை அடுக்கி அணையைக் காக்க முயன்றனர். அம்முயற்சியால் உடைவு சில மணி நேரம் தள்ளிப் போயிற்று. பான்ஷேத்தின் நீர் பாய்ந்ததனால் 19 ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கடக்வாஸ்லா கல்லணையும் அன்றே உடைந்தது. பூனா நகரின் ஆற்றோரப் பகுதிகள் மூழ்கின. உயிர்ச்சேதமும் பொருட்சேதமும் மிகுதி. கடக்வாஸ்லா அணை பின்னர் மீண்டும் கட்டப்பட்டது.

அக்காலத்தில் வீடுதோறும் தொலைபேசி இல்லை. வானொலிப் பெட்டி சிலரிடமே இருந்தது. ஒலிபெருக்கி வண்டியும், காவலரின் குரலும், அண்டை வீட்டாரின் கூவலுமே பெரும்பாலோர்க்குச் செய்தி. "அன்று ஒவ்வொருவர் கையிலும் இன்றுள்ள கருவி இருந்திருந்தால்!" என்று எண்ணுவது இயல்பே. அவ்வெண்ணம் முழுதும் சரியா என்பதை அறிய, அதே ஆற்றங்கரையில் 63 ஆண்டுகளுக்குப் பின் நடந்ததைக் காண்போம்.

2024 ஜூலை 25

2024 ஜூலை 24 இரவும் மறுநாள் விடியற்காலையும் பூனாவிலும் அதன் மேற்கு மலைப்பகுதியிலும் கனமழை பெய்தது. கடக்வாஸ்லாவிலிருந்து விடப்பட்ட நீர் படிப்படியாக உயர்த்தப்பட்டு, விடியற்காலையில் நொடிக்கு 35,000 கன அடி அளவை எட்டியது. சிங்ககட் சாலையை ஒட்டிய ஏக்தா நகரி முதலிய குடியிருப்புகளில் வெள்ளம் புகுந்தது. மக்கள் உறக்கத்திலிருந்து எழுந்தபோது வீட்டின் கீழ்த்தளத்தில் நீர் நின்றது. இராணுவத்தினரும் தீயணைப்புப் படையினரும் படகுகளில் சென்று அவர்களை மீட்டனர்.

அணை உடையவில்லை, அது தன் கடமையைச் செய்தது. மழை அளவும் நீர்மட்டமும் பதிவாயின. நகரில் ஏறத்தாழ எல்லோரிடமும் கைபேசி இருந்தது. ஆயினும், உரிய நேரத்தில் எச்சரிக்கை வரவில்லை என்று குடியிருப்போர் முறையிட்டனர். நீர் திறப்பு பற்றிய செய்தி தரப்பட்டது என்று நீர்ப்பாசனத் துறையினர் கூறினர். யார் கூற்றுச் சரி என்று தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. செய்தி அனுப்பப்படுவது வேறு; அது மக்களைச் சென்றடைந்து அவர்களைச் செயற்படுத்துவது வேறு. இவ்விரண்டிற்கும் இடையில் உள்ள தொலைவை இணையம் தானாகக் குறைத்துவிடுவதில்லை.

ஒரு நேரக் கணக்கு

இதனை வகுப்பில் ஒரு கணக்காகப் போட்டுக் காட்டலாம். அணையிலிருந்து ஆற்று வழியே 12 கிலோமீட்டர் கீழே ஒரு குடியிருப்பு இருப்பதாகக் கொள்வோம். வெள்ளம் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் செல்வதாகவும் கொள்வோம். அவ்வாறாயின் நீர் குடியிருப்பை அடைய 6,000 நொடிகள், அதாவது 100 நிமிடங்கள் ஆகும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். அதே 12 கிலோமீட்டரைச் செய்தி கடக்க நொடியின் பதினாயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

இதனைக் கொண்டு, மக்களுக்கு 100 நிமிட அவகாசம் உண்டு என்று முடிவு செய்துவிடக் கூடாது. செய்தி மனிதர் கைகளின் வழியாகவும் செல்லவேண்டும். எடுத்துக்காட்டாக, மதகு திறந்தபின் ஆணை எழுதி அனுப்ப 15 நிமிடம். நகரக் கட்டுப்பாட்டு அறையில் அதனைப் படித்து வட்டார அலுவலருக்கு உரைக்க 20 நிமிடம். அவர் அதனைக் குடியிருப்புக் குழுவில் இட்டு, விழித்திருக்கும் ஒருவர் காண 25 நிமிடம். அவர் கதவைத் தட்டி ஏனையோரை எழுப்ப 20 நிமிடம் எனக் கொள்வோம். மொத்தம் 80 நிமிடம். எஞ்சியது 20 நிமிடமே. முதியோரையும் நோயாளிகளையும் மாடிக்கு ஏற்றவும், மின்சாரத்தை நிறுத்தவும் இந்த 20 நிமிடம் போதுமா?

இக்கணக்கில் இணையத்தின் வேகத்தைப் பத்து மடங்கு ஆக்கினாலும் ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது. ஆனால் மதகைத் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே, "நீர் உயர்த்தப்படும்" என்ற செய்தியை அனுப்பினால் 20 நிமிடம் 80 நிமிடமாகும். இடையிலுள்ள இரு படிகளைக் குறைத்து நேரே குடியிருப்புக்கு அறிவித்தால் அவகாசம் மேலும் கூடும். கருவியின் வேகத்தைக் காட்டிலும், கருவியைப் பயன்படுத்தும் ஒழுங்கே உயிரைக் காக்கிறது.

கடக்வாஸ்லா ஆராய்ச்சி நிலையத்தின் மாதிரிகளைக் கொண்டும் இவ்வுண்மையை விளக்கலாம். நீரியல் விதிப்படி, நூறில் ஒரு பங்கு அளவில் அமைக்கப்படும் ஆற்று மாதிரியில் காலம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். இயற்கையில் ஒரு மணி நேரம் செல்லும் வெள்ளம் மாதிரியில் 6 நிமிடத்தில் கடந்துவிடும். ஆய்வாளர் வெள்ளத்தை மீண்டும் மீண்டும் ஓடவிட்டுப் பார்க்கலாம். ஆற்றங்கரையில் வாழ்வோர்க்கு அந்த வசதி இல்லை. அவர்களுக்கு வெள்ளம் ஒருமுறைதான் வரும். செய்தியும் அதற்கு முன்பே வரவேண்டும்.

இணையத்தால் விளையும் நன்மைகள்

முதலாவது நன்மை அளவறிதல். முன்பு ஆற்றின் நீர்மட்டத்தை ஒருவர் அளவுகோலில் பார்த்துத் தந்தி மூலம் தெரிவிக்க வேண்டியிருந்தது. இன்று தானே இயங்கும் கருவிகள் மழையளவையும் நீர்மட்டத்தையும் இடைவிடாது அனுப்புகின்றன. மத்திய நீர்வள ஆணையம் 2023 ஆகஸ்டில் 'பிளட்வாட்ச் இந்தியா' என்ற செயலியை வெளியிட்டது. ஆணையத்தின் நிலையங்களில் பதிவாகும் வெள்ள நிலையைப் பொதுமக்களும் அதன் வழியே காணலாம்.

இரண்டாவது நன்மை முன்னறிவிப்பு. பூனாவிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி, பயன்படுத்துவோர் இருக்கும் இடத்தைச் சுற்றி 20 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர் எல்லைக்குள் மின்னல் நேரிடும் நிலையை அறிவிக்கிறது. திறந்த வெளியில் வேலை செய்வோர்க்கு இஃது உயிர்காக்கும் செய்தி. 2019 இல் தொடங்கப்பட்ட 'மேக்தூத்' செயலி, மாவட்ட வாரியாக உழவர்க்கான வானிலை அறிவுரைகளை வட்டார மொழிகளில் தருவதற்கென அமைந்தது.

மூன்றாவது நன்மை ஒருவரையொருவர் தேடிக்கொள்ளும் ஆற்றல். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் விடப்பட்டு, அடையாற்றின் கரைகள் மூழ்கின. அந்நாட்களில் சென்னையில் முன்பின் அறியாத இளைஞர்கள் இணையத்தின் வழியே ஒன்றுகூடினர். எங்கே உணவு வேண்டும், எங்கே படகு வேண்டும், யார் வீட்டில் தங்க இடம் உண்டு என்ற பட்டியல்களைத் தொகுத்தனர். அரசின் உதவி சென்றடையாத தெருக்களுக்கு அப்பட்டியல்கள் வழிகாட்டின.

நான்காவதாகக் கல்வியையும் கொடுக்கல் வாங்கலையும் குறிப்பிடலாம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடங்கள் முற்றிலும் நின்றுபோகாமல் இணையம் காத்தது. 2017 இல் தொடங்கப்பட்ட 'தீக்ஷா' தளம் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பாடப்பொருளை அளித்தது. 2016 இல் தொடங்கிய யு.பி.ஐ. முறையால், காய்கறி விற்பவர்கூடச் சில்லறைக் கவலையின்றி விலையைப் பெறுகிறார்.

இணையத்தால் விளையும் தீமைகள்

நன்மையைத் தரும் அதே பண்பே தீமையையும் தருகிறது. மெய்ச்செய்தியைச் சுமக்கும் வேகத்தில் பொய்ச்செய்தியையும் இணையம் சுமக்கும். 2015 சென்னை வெள்ளத்தின்போதே, முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றும், ஏரி உடைந்துவிட்டது என்றும் வதந்திகள் பரவின. அவற்றை மறுப்பதிலும் அலுவலரின் உழைப்புச் செலவாயிற்று. மீட்புப் பணியில் செலவாக வேண்டிய உழைப்பு அது.

வதந்தி பரவும் விதத்தையும் கணக்காகக் காட்டலாம். ஒருவர் ஒரு செய்தியை ஐவருக்கு அனுப்புகிறார். அவ்வைவரும் ஆளுக்கு ஐவருக்கு அனுப்புகின்றனர். எவரும் இருமுறை பெறவில்லை எனக் கொண்டால், ஐந்தாம் படியில் 3,125 பேரும், பத்தாம் படியில் 97,65,625 பேரும் அதனைப் பெறுவர். மூன்று படிகள் கழித்துப் புறப்படும் மறுப்பு, அதே வேகத்தில் சென்றாலும், எப்போதும் மூன்று படி பின்னேதான் நிற்கும். அச்சம் தரும் செய்தியை உடனே அனுப்புவோர் பலர். மறுப்பை அனுப்புவோர் சிலர். எனவே மறுப்பு முழுதும் எட்டிப் பிடிப்பது அரிது.

இதன் விளைவு உயிரையும் பறிக்கும். 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்த மூதாட்டி ஒருவர் பிள்ளை பிடிப்பவர் என்று ஐயுறப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். 2018 ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துளே மாவட்டம் ரெயின்பாடா சிற்றூரில், நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐவர் அதே ஐயத்தால் கொல்லப்பட்டனர். இரண்டு இடங்களிலும், பிள்ளை பிடிப்போர் வந்திருப்பதாகக் கைபேசி வழியே பரவிய செய்திகள் முன்னரே மக்கள் மனத்தில் அச்சத்தை விதைத்திருந்தன. அம்மாதமே வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் மறு அனுப்பீடு செய்ய இயலாதவாறு வரம்பு கட்டியது. மேலே கண்ட கணக்கில் ஐந்து என்ற எண்ணே இருப்பதை நோக்குக. வரம்பு பரவலைத் தாமதப்படுத்தும், நிறுத்திவிடாது.

இரண்டாவது தீமை, வேண்டும் நேரத்தில் இல்லாது போதல். 2015 வெள்ளத்தில் மின்சாரம் நின்று, கைபேசிக் கோபுரங்கள் பல செயலிழந்தன. சென்னையின் பல பகுதிகளில் மக்கள் உதவி கேட்கவும் இயலாது தவித்தனர். இணையம் மின்சாரத்தை நம்பி நிற்பது. பெருவெள்ளம் முதலில் குலைப்பது மின்சாரத்தையே. ஆகவே இணையம் ஒன்றையே நம்பி வேறு ஏற்பாடுகளைக் கைவிடுதல் அறிவுடைமை ஆகாது.

மூன்றாவது தீமை வஞ்சனை. காவல்துறை அதிகாரி போலவோ நீதிபதி போலவோ காணொளியில் தோன்றி, "உம்மைக் கைது செய்துள்ளோம், பணம் அனுப்புக" என்று மிரட்டும் மோசடி அண்மைக் காலத்தில் பெருகியுள்ளது. காணொளி வழியே கைது செய்யும் முறை எதுவும் நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. இத்தகைய மோசடிக்கு ஆளானோர் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்கு அறிவித்தால், பணம் கைமாறுவதைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. அடகில் இருந்த நகையை மீட்கச் சேர்த்த பணமும், ஓய்வூதியர் வாழ்நாளெல்லாம் சேமித்த பணமும் ஒரு பிற்பகலில் மறைந்துவிடக் கூடும் என்பதைக் களப்பணியாளர் ஊர்தோறும் எடுத்துரைத்தல் வேண்டும்.

நான்காவது தீமை சமமின்மையும் கவனச் சிதைவும் ஆகும். 2020 இல் ஒரே கைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்டுக்கொண்ட வீடுகள் உண்டு. கைபேசியே இல்லாத வீடுகளும் உண்டு. அவ்வீட்டுப் பிள்ளைகளுக்கு இணையப் பள்ளி மூடிய பள்ளியாகவே இருந்தது. மறுபுறம், கைபேசி கிடைத்த பிள்ளைகளுள் பலர் பாடத்தை விட்டு விளையாட்டிலும் வேடிக்கையிலும் ஆழ்ந்தனர். உறக்கம் குறைந்த மாணவன் மறுநாள் வகுப்பில் அமர்ந்தும் அமராதவனே.

உரிய இடத்திலிருந்து வரும் செய்தியும் பிழைபடலாம்

வதந்தி மட்டுமே தவறான செய்தி என்று எண்ணக் கூடாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், டிசம்பர் 30 அன்று மீண்டும் பேரலை வரலாம் என்ற எச்சரிக்கை அரசின் வழியாகவே வெளிவந்தது. தமிழகக் கடற்கரையில் மக்கள் அஞ்சி ஓடினர். பேரலை வரவில்லை. அன்று இந்தியப் பெருங்கடலில் பேரலையை அளந்து உறுதிசெய்யும் கருவி அமைப்பு நம்மிடம் இல்லை. 2007 இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் நிறுவப்பட்ட பின்னரே, அளவுக் கருவியின் ஆதாரத்துடன் எச்சரிக்கை தரும் முறை நிலைபெற்றது. நம்பத்தக்க செய்திக்கு அலுவலக முத்திரை மட்டும் போதாது. அதன் பின்னே அளவு ஒன்று இருக்க வேண்டும்.

நல்ல செய்தியின் நான்கு உறுப்புகள்

மேற்கூறியவற்றிலிருந்து, பயன்தரும் செய்திக்கு நான்கு உறுப்புகள் இன்றியமையாதவை என்று தெளியலாம். அவை மூலம், நேரம், இடம், செயல் என்பன.

மூலம்: எந்த அலுவலகம் அல்லது எந்தக் கருவி இச்செய்தியைத் தந்தது?

நேரம்: எந்த நாள், எத்தனை மணி? சென்ற ஆண்டு வெள்ளத்தின் படம் இன்று மீண்டும் சுற்றி வருவதை நேரக் குறிப்பே காட்டிக்கொடுக்கும்.

இடம்: எந்த ஆற்றின் எந்தக் கரை, எந்தத் தெரு?

செயல்: கேட்டவர் என்ன செய்ய வேண்டும்?

"அணை நீர் திறப்பு, மக்கள் எச்சரிக்கையாக இருக்கவும்" என்ற செய்தியில் இவற்றுள் ஒன்றும் முழுமையாக இல்லை. "கட்டுப்பாட்டு அறை, பிற்பகல் 3 மணி: மாலை 5 மணி முதல் அணையிலிருந்து நொடிக்கு 30,000 கன அடி நீர் விடப்படும். ஆற்றோரத் தெருக்களின் கீழ்த்தளத்தில் உள்ளோர் 5 மணிக்குள் மேல்தளத்திற்குச் செல்க" என்ற செய்தியில் நான்கும் உள்ளன. கன அடிக் கணக்குப் பொறியாளர்க்கு விளங்கும்; "கீழ்த்தளம்" என்ற சொல் யாவர்க்கும் விளங்கும்.

களப்பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் சில குறிப்புகள்

ஊர்க் குழுவில் எச்சரிக்கை இடும்போது நான்கு உறுப்புகளும் உள்ளனவா என்று நோக்குக. செய்தியை இட்டவுடன் கடமை முடிந்தது என்று கருதற்க. கைபேசி இல்லாத வீடுகளின் பட்டியலை மழைக்காலத்திற்கு முன்பே தயாரித்து, அவ்வீடுகளுக்குச் சென்று சொல்ல ஒருவரை நியமித்திடுக. ஒலிபெருக்கி, கோயில் மணி, தமுக்கு, மின்கலத்தால் இயங்கும் வானொலி ஆகியவற்றைப் பழமை என்று ஒதுக்கற்க. இணையத் தொடர்பு இல்லாமலே, ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் உள்ள எல்லாக் கைபேசிகளுக்கும் ஒரே நேரத்தில் பேரொலியுடன் எச்சரிக்கை அனுப்பும் முறை 2023 முதல் நாட்டில் சோதிக்கப்பட்டது. அத்தகைய ஒலி கேட்கும்போது அஞ்சாமல் படித்து நடக்குமாறு மக்களைப் பழக்குக.

ஆசிரியர்கள் இணையத்தை அறவே விலக்கச் சொல்வதும், அதனை வரையறையின்றிப் புகழ்வதும் பயன் தரா. ஒரு செய்தியைக் கரும்பலகையில் எழுதி, மூலம், நேரம், இடம், செயல் ஆகியவை உள்ளனவா என்று மாணவரைக்கொண்டே ஆராயச் செய்க. குழாய்நீரின் மூலத்தை அறியாமல் பருகலாகாது என்று சுகாதாரப் பாடத்தில் கற்பிக்கிறோம். செய்திக்கும் அவ்விதி பொருந்தும்.

முடிவுரை

1961 இல் ஆற்றங்கரை மக்களிடம் கருவி இல்லை. 2024 இல் கருவி இருந்தும் பலர் நீரைக் கண்ட பின்னரே செய்தியை அறிந்தனர். இவ்விரு ஆண்டுகளுக்கிடையே விஞ்ஞானம் தன் பங்கைச் செய்துவிட்டது. எஞ்சிய பங்கு மனிதருடையது: அளந்து அறிதல், முன்கூட்டியே உரைத்தல், உண்மையை மட்டும் பரப்புதல், கேளாதவர் வாயிலில் சென்று தட்டுதல். இவற்றைச் செய்யும் ஊரில் இணையம் நற்றுணை. இவற்றைச் செய்யாத ஊரில், நள்ளிரவில் படிப்பாரின்றி ஒளிரும் கைபேசிக்கு மேல் அது வேறொன்றுமில்லை.

பயிற்சி வினாக்கள்

1. உம் ஊருக்கு அருகிலுள்ள ஏரி அல்லது அணையிலிருந்து உம் தெரு எவ்வளவு தொலைவில் உள்ளது? நீர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வந்தால் எத்தனை நிமிடத்தில் சேரும்?

2. அவ்வணையில் நீர் திறக்கப்படும் செய்தி உம் வீட்டை அடையும் வரை யார் யார் கைகளைக் கடக்கிறது? அப்படிகளுள் எதனைக் குறைக்கலாம்?

3. இந்த வாரம் உமக்குக் கைபேசியில் வந்த ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு, அதில் நான்கு உறுப்புகளுள் எவை உள்ளன, எவை இல்லை என்று எழுதுக.

4. ஒருவர் ஒரு செய்தியை மூவருக்கு மட்டும் அனுப்பினால், ஆறாம் படியில் எத்தனை பேர் அதனைப் பெறுவர்? ஐவருக்கு அனுப்பும் கணக்குடன் ஒப்பிடுக.

5. மின்சாரமும் இணையமும் இல்லாத இரவில், உம் தெருவில் உள்ள எல்லா வீடுகளுக்கும் அரை மணி நேரத்தில் செய்தி சொல்ல ஒரு திட்டம் வகுக்க.